தூர்வாரும் ஆழத்துக்கு ஓர் இரும்புக் குறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் திறப்புக்கு முன் நடக்கும் தூர்வாரும் பணி பற்றி உங்கள் நாளிதழில் வருவதை விடாமல் படிப்பவள் நான். அது பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் சீனாவின் செங்டுவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நானும் என் வீட்டுக்காரரும் அண்மையில் அங்கே போய்வந்தோம். இரண்டு கோடிப் பேர் வாழும் நகரம். சைவம் சாப்பிடுகிறவள் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள், அப்படியெல்லாம் இல்லை. வென்ஷு புத்த மடாலயத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது. செங்டுவில் பிறந்த மாபோ டோஃபு என்ற சோயாக்கட்டிக் குழம்பில் வழக்கமாக மாட்டிறைச்சி சேர்ப்பார்கள், கறி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரைக்கொட்டையும் மிளகாயும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த சிவப்பு விழுது, மேலே பொடித்துத் தூவிய சிச்சுவான் மிளகு. ஒரு வாய் போட்டதுமே உதடு விறுவிறுத்து நாக்கு மரத்துவிடும், ஆனால் காரம் பழகிய நம் நாக்கு அடுத்த வாய்க்கும் சோறு கேட்கும். கொதிக்கும் குழம்பில் முக்கி வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் மட்டும் கவனம், அதன் சிவப்புக் குழம்பு மாட்டுக் கொழுப்பில் செய்வது.

பாண்டாக்களைப் பார்த்தோம், காலையிலேயே போய்விட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது மக்கள் பூங்காவின் டீக்கடைதான். மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கோப்பை, ஒரே தேயிலைக்கு வெந்நீரை ஊற்றி ஊற்றிப் பொழுதுக்கும் உட்காரலாம். காது சுத்தம் செய்கிறவர்கள் நீளக் கம்பிகளோடு நாற்காலி நாற்காலியாக வருகிறார்கள். இவர் காதைக் கொடுத்துவிட்டு அரைத் தூக்கத்தில் கிடந்தார்.

அப்புறம் ரயிலேறி துஜியாங்யான் போனோம். மின் என்ற பெயர்கொண்ட ஆற்றில் கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் தொடங்கிய பாசன அமைப்பு, இன்றும் செங்டு சமவெளியின் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. ஆற்றை மறித்து அணை கட்டவில்லை, நடுவில் மீன்வாய் போன்ற கரையைப் போட்டு உள்ளாறு, வெளியாறு என்று பிரித்தார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு பாசனத்துக்கான உள்ளாற்றுக்குப் போகும், வெள்ளம் வந்தால் அதே ஆறு பங்கு வெளியாற்றில் வடியும். கல்லணையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம், பாசனத்துக்குக் காவிரியும் வெண்ணாறும், வெள்ளத்துக்குக் கொள்ளிடம்.

நான் அசந்து நின்றது வேறோர் இடத்தில். உள்ளாற்றின் அடியில் இரும்புத் தண்டுகளைப் படுக்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள், அவற்றின் மாதிரிகளைப் பூங்காவில் பார்க்கலாம். பழைய நாளில் குளிர்காலத்தில் தண்ணீரை மறித்துத் தூர்வாரும்போது அந்த இரும்பு கண்ணில் படும்வரை தோண்டியாக வேண்டும். அதற்கு மேலே நின்றால் வேலை முடியவில்லை, கீழே போனால் அதிகம் தோண்டிவிட்டார்கள். அளவுகோலும் வேண்டாம், அதிகாரியின் சான்றிதழும் வேண்டாம், கரையில் நிற்கும் விவசாயியே பார்த்துச் சொல்லிவிடலாம்.

நம் டெல்டாவில் என்ன நடக்கிறது? ஜூன் 12 நெருங்கும்போது பொக்லைன் வருகிறது, கரைப் புல்லைச் செதுக்கி இரண்டு பக்கமும் மண்ணை அள்ளிப் போடுகிறார்கள், தண்ணீர் வந்ததும் எல்லாம் மூடிக்கொள்கிறது. எத்தனை அடி ஆழம் எடுத்தார்கள் என்று அப்புறம் யார் இறங்கிப் பார்ப்பது? கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவருக்குத்தான் தண்ணீர் வராது.

ஆகவே அரசுக்கு என் கோரிக்கை இது. ஒவ்வொரு வாய்க்காலிலும், குறைந்தது மதகுக்கு மதகாவது, திட்டப்படி இருக்க வேண்டிய தரைமட்டத்தில் ஓர் இரும்புத் தண்டையோ கான்கிரீட் பலகையையோ பதியுங்கள். அது வெளியே தெரிந்து, ஊர் விவசாயிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பில் பாஸாகட்டும். சி, டி என்று வகைப்படுத்தியிருக்கும் சிறு கிளை வாய்க்கால்களையும் விட்டுவிடாதீர்கள், வயலுக்குப் போகும் தண்ணீர் அவற்றில்தான் போகிறது. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடையில் முதலில் செய்து பாருங்கள், வரும் கோடையிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்து வாசகி