37-ஆம் கேள்வியின் விடை தவறு: மறுமதிப்பீடு கேட்டுப் புகார்

பெறுநர்:
பாடப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள்,
மெடிக்கல் கோடிங் பயிற்சி நிறுவனம்.

பொருள்: விரல் மூட்டு எலும்பு முறிவு பற்றிய மாதிரித் தேர்வுக் கேள்விக்குத் தவறான விடை கொடுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மாலை நேர ஆன்லைன் பேட்ச்சில் முழுக் கட்டணமும் கட்டி, நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான எண்களாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில் சிபிசி சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தவள் நான். கடைசி மாதிரித் தேர்வில் 100-க்கு 69 வாங்கினேன். 70 எடுத்தவர்களின் பெயரைத்தான் நேர்முகத் தேர்வுக்கு அனுப்புவோம் என்பது உங்கள் விதி. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. உண்மையான தேர்விலும் 70 சதவீதம்தானே எல்லை. ஆனால் 37-ஆம் கேள்விக்கு நான் எழுதியது சரி, உங்கள் விடைத்தாளில் இருப்பது தவறு. இரண்டு முறை மெயில் அனுப்பியும் சரியான பதில் வராததால்தான் இந்தக் கடிதம்.

கேள்வி இது. ஒருவர் வலது கை மோதிர விரலில் அடிபட்டு வருகிறார். அந்த விரலின் மூன்று எலும்புகளில் நடுவில் உள்ளதன் அடிப்பகுதியில் முறிவு. உடைந்த கோடு மூட்டுப் பரப்புக்குள் போகிறது, துண்டு இடம் விலகியிருக்கிறது. மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்ய ஊசி போட்டு, அறுக்காமல் வெளியிலிருந்தே இழுத்து எலும்பைச் சரியாக உட்காரவைத்து, அலுமினிய ஸ்பிளின்ட் கட்டி அனுப்புகிறார். நான் தேர்ந்தெடுத்த விடை சிகிச்சைக் கோடு 26742, அதோடு எந்த விரல் என்று காட்டும் மாடிஃபையர் (கூடுதல் குறி) எஃப்8. நீங்கள் சரி என்று போட்டிருப்பது 26725-எஃப்7, கூடவே மரப்பு ஊசிக்கு 64450, ஸ்பிளின்ட்டுக்கு 29130.

ஒரே விடைக்குள் நான்கு தவறுகள்.

முதல் தவறுதான் பெரியது. 26725 என்பது விரலெலும்பின் தண்டுப் பகுதி உடைந்தால் போட வேண்டிய கோடு. முறிவு மூட்டுக்குள் போய்விட்டால் சிகிச்சைக் கோடுகளுக்கான சிபிடி புத்தகம் அதைத் தனி வரிசையாகவே வைத்திருக்கிறது. எலும்பை நகர்த்தாமல் கட்டுப்போட்டால் 26740, இழுத்துச் சரிசெய்தால் 26742, திறந்து அறுவை செய்தால் 26746. மூன்றும் விரலை உள்ளங்கையோடு சேர்க்கும் மூட்டுக்கும், விரலுக்குள் இருக்கும் மூட்டுகளுக்கும் பொருந்தும். கேள்வியில் 'மூட்டுப் பரப்புக்குள்' என்று நீங்களே எழுதிவிட்டு, விடையில் அந்தச் சொல்லையே மறந்துவிட்டீர்கள்.

நான் பிசியோதெரபி படித்துவிட்டுக் கோடிங் பக்கம் வந்தவள். தண்டில் உடைந்த விரல் பெரும்பாலும் எலும்பு கூடியதும் சொன்ன பேச்சைக் கேட்கும். மூட்டுக்குள் உடைந்த விரல் அப்படியில்லை. எலும்பு கூடிய பிறகும் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த விரல்களை மடக்க வைக்கப் பாடுபட்டவளுக்கு 'எல்லாம் விரல் எலும்புதானே மேடம்' என்று சந்தேக வகுப்பில் உங்கள் ஆசிரியர் பதில் சொன்னபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நோய்க் கோடுகளின் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் இதற்கு எஸ்62.624ஏ. அந்தக் கோடு வலது மோதிர விரல், அதன் நடு எலும்பு, இடம் விலகிய முறிவு என்ற வரைக்கும் சொல்லும். மூட்டு உடைந்ததா தண்டு உடைந்ததா என்று சொல்லவே சொல்லாது. நோய்க் கோடைப் பார்த்துச் சிகிச்சைக் கோடைப் பிடிக்கிறவர் கட்டாயம் இந்த இடத்தில் வழுக்குவார். மருத்துவரின் குறிப்பையும் எக்ஸ்ரே அறிக்கையையும் வாசித்தால்தான் மூட்டு கண்ணில் படும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே உங்களிடம் வந்தோம்?

அடுத்தது மாடிஃபையர். இடது கையில் கட்டைவிரல் எஃப்ஏ, ஆள்காட்டி விரல் எஃப்1. உங்கள் விடைத்தாள் பிடிஎஃப் இதைப் பார்த்துவிட்டு வலது கையிலும் ஆள்காட்டியிலிருந்து எண்ணத் தொடங்கி, அதற்கு எஃப்5 கொடுத்துவிட்டது. எஃப்5 வலது கட்டைவிரல். அங்கிருந்து எண்ணினால் ஆள்காட்டி எஃப்6, நடுவிரல் எஃப்7, மோதிர விரல் எஃப்8, சுண்டுவிரல் எஃப்9. உங்கள் கணக்கில் மோதிர விரல் நடுவிரலாகிவிட்டது. நோய்க் கோடு ஒரு விரலையும் மாடிஃபையர் இன்னொரு விரலையும் காட்டினால் அந்த இன்சூரன்ஸ் கிளெய்ம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 64450-யும் 29130-யும். சிகிச்சை செய்யும் மருத்துவரே விரலுக்குப் போடும் மரப்பு ஊசி, ஒரே கட்டணமாகக் கணக்காகும் சர்ஜிக்கல் பேக்கேஜுக்குள் அடக்கம். எலும்பை உட்காரவைத்த கையோடு கட்டும் முதல் ஸ்பிளின்ட்டும் முறிவுச் சிகிச்சைக் கோடுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டையும் தனியாகப் பில் போடுவதற்குப் பெயர் அன்பண்ட்லிங். இதைச் செய்யக் கூடாது என்று உங்கள் 2-ஆம் பாடத்திலேயே அரை மணி நேரம் பேசியிருக்கிறீர்கள்! இன்சூரன்ஸ் நிறுத்தினால் டினையல், அதாவது பணம் மறுப்பு. நிறுத்தாமல் விட்டால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு அடிபட்டவர் தலையில் விழும்.

விடைத்தாளோடு முடிந்திருந்தால் அச்சுப் பிழை என்று விட்டிருப்பேன். இதே பாடத்தின் வீடியோவிலும் கோளாறு இருக்கிறது. அதே நோயாளி 12 நாள் கழித்து அதே மருத்துவரிடம் வருகிறார். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது. இதற்கு மறுவருகைப் பரிசோதனைக்கான 99213 போடுங்கள், நோய்க் கோட்டின் ஏழாவது எழுத்து, சிகிச்சை நடக்கும் கட்டத்தைக் காட்டும் ஏ என்று ஆசிரியர் சொல்கிறார். 26742-க்கு அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் கணக்கில் குளோபல் பீரியட் 90 நாள். அதற்குள் வரும் வழக்கமான பின்பார்வைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. 99024 என்று பதிவு மட்டும் செய்யலாம். அன்று எடுத்த எக்ஸ்ரேயைத் தனியாகப் போடலாம், அது 73140. சிகிச்சை முடிந்து ஆறிவரும் கட்டம் என்பதால் ஏழாவது எழுத்து டி. முதல் நாள் பரிசோதனைக்கு மாடிஃபையர் 25 என்று வீடியோ சொல்வதும் சரியில்லை. 90 நாள் குளோபல் உள்ள சிகிச்சையை அன்றைய பரிசோதனையில்தான் முடிவு செய்தார் என்றால் மாடிஃபையர் 57.

என் முதல் மெயிலுக்குத் தானியங்கி நன்றி வந்தது. இரண்டாவதற்கு, 'விரலைப் பற்றி ஒரு கேள்வி வந்தாலே அதிகம், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று பதில் வந்தது. ஒரு கேள்விதான், சரி. என் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதும் அந்த ஒரு கேள்வியால்தான். எங்கள் பேட்ச்சில் 26742 எழுதியவள் நான் மட்டும் இல்லை. உங்கள் விடையை நம்பி 26725 என்று மனப்பாடம் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிலைமை என்னுடையதைவிட மோசம், தவறு என்று தெரியாமலே வேலைக்குப் போகப்போகிறார்கள்.

அதனால் 37-ஆம் கேள்வியை எங்கள் பேட்ச் முழுவதற்கும் மறுபடி திருத்துங்கள். திருத்திய மதிப்பெண்ணோடு என் பெயரை அடுத்த நேர்முகத் தேர்வுப் பட்டியலில் சேருங்கள். பிடிஎஃப்பையும் வீடியோவையும் மாற்றிவிட்டு, மாற்றியதை ஏற்கெனவே படித்து முடித்த பேட்ச்களுக்கும் தெரிவியுங்கள். 15 நாளுக்குள் இது நடக்காவிட்டால் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் ஆசிரியர் என்னோடு பேச விரும்பினால் எந்த மாலையும் தயார். சிபிடி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வித்தாளின் நகலும் என் இரண்டு மெயில்களும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
மாலை பேட்ச் மாணவி