மறுவெளியீடு செய்யப்பட்ட கார்ட் பந்தய விளையாட்டின் வேகக் குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் விளையாட்டை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய கார்ட்டூன் கார்ட் பந்தய விளையாட்டு அசல் வேகத்தில் ஓடாமை – திருத்தம் அல்லது பணம் திரும்பக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் அண்மையில் மறுவெளியீடு செய்த, 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்த கார்ட்டூன் கார்ட் (சிறிய பந்தய வண்டி) பந்தய விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கியுள்ளேன். அது உரிய வேகத்தில் ஓடவில்லை என்று தங்கள் சேவைப் பிரிவுக்கு முன்பே எழுதியிருந்தேன். பழைய விளையாட்டு என்பதால் இக்காலத்து விளையாட்டுகளைவிட மெதுவாகத்தான் தோன்றும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலாததால், இம்முறை சான்றுகளோடு எழுதுகிறேன். என் புகார் விளையாட்டின் வயதைப் பற்றியது அன்று, மறுவெளியீட்டுக்காகத் தாங்கள் தேர்ந்தெடுத்த பதிப்பைப் பற்றியது.

அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி இயங்கவில்லை என்பது தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் அறிந்ததே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்டிஎஸ்சி முறையில் திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருந்த பிஏஎல் முறையில் 50 முறைதான். 60க்குக் கணக்கிட்டு எழுதப்பட்ட பல விளையாட்டுகள், வேகக் கணக்கு திருத்தப்படாமலேயே ஐரோப்பியப் பதிப்புகளாக விற்பனைக்கு வந்தன. அதனால் வண்டியின் ஓட்டம், பின்னணி இசை என அனைத்தும் ஆறில் ஒரு பங்கு மந்தமாயின. பிஏஎல் முறையில் படக்கோடுகள் அதிகம் என்பதால், அந்தக் கூடுதல் கோடுகளை நிரப்பப் படம் இல்லாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, காட்சி சப்பிப்போய்த் தெரிந்தது. அன்று அதை வாங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய திரைகளோ 60 முறை புதுப்பித்தலை எந்தச் சிரமமும் இன்றிக் காட்டக்கூடியவை. அப்படியிருக்க, அசல் வேகப் பதிப்பை விட்டுவிட்டு மந்தமான பதிப்பை விற்பதற்கு என்ன காரணம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தாங்கள் விற்பது 50 முறைப் பதிப்பே என்பதை அறிய நிபுணத்துவம் தேவையில்லை. விளையாட்டைத் திறந்தவுடன் ஐரோப்பிய மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வருகிறது. அடுத்து, மேலே சொன்ன அதே கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. இவ்விரண்டும் போதாதென்றால், நேரப் பந்தயத்தை (கடிகாரத்தோடு போட்டியிட்டுத் தனியாக ஓட்டுவதை) தொடங்கி, திரையில் ஓடும் கடிகாரத்தின் அருகில் கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்க்கலாம். விளையாட்டின் கடிகாரம் ஒரு நிமிடத்தைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச் 72 வினாடிகளைக் காட்டுகிறது. இந்த விளையாட்டு நேரத்தை ஃபிரேம்களை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களை, எண்ணியே அளப்பதால், 60 வினாடிக்குரிய ஃபிரேம்கள் 72 வினாடிகளுக்கு நீட்டப்படுகின்றன என்பதுதான் இதன் பொருள். இதற்கான காணொளிப் பதிவை இணைத்துள்ளேன்.

வேகம் குறைவதோடு இது நின்றுவிடவில்லை. வினாடிக்கு 50 படங்களை 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வினாடியிலும் பத்துப் படங்கள் இருமுறை காட்டப்படுகின்றன. நேர்ப்பாதையில் இது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. பனிமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் டிரிஃப்ட் செய்யும்போதோ (வண்டியைச் சறுக்கவிட்டுத் திருப்பும்போதோ), ஓரத்து வேலி சீராக நகராமல் விட்டுவிட்டுத் துள்ளுகிறது. அந்த வளைவில்தான் சக்கரத்தடியில் தெறிக்கும் தீப்பொறியின் நிறம் மாறும் கணத்தில் பொத்தானை விட்டு பூஸ்ட் (சிறிது நேரக் கூடுதல் வேகம்) வாங்க வேண்டும். கண் கணித்த இடம் ஒன்றாகவும் வண்டி நிற்கும் இடம் வேறாகவும் இருந்தால், எவ்வளவு பழகிய கைக்கும் அந்தக் கணம் பிடிபடாது. தொலைக்காட்சியை, படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாற்றிப் பார்க்குமாறு தங்கள் பிரிவினர் கூறியிருந்தார்கள். அது ஏற்கெனவே கேம் மோடில்தான் இருக்கிறது. அதே திரையில், அதே கன்ட்ரோலரில் மற்ற பழைய விளையாட்டுகள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓடுகின்றன.

பழையது என்றாலே மெதுவானது என்ற கருத்துக்கும் ஒரு வார்த்தை. இவ்வகைப் பந்தயங்களுக்கு வழிவகுத்த சூப்பர் மாரியோ கார்ட் 1992இல் வந்தது. தட்டையான ஒரு படத்தைச் சுழற்றியும் சாய்த்தும்தான் அது பந்தயப் பாதையைக் காட்டியது. ஒருவர் மட்டும் ஆடும்போதும் திரையில் பாதியைத்தான் பந்தயத்துக்கு ஒதுக்கியது. அப்படிப்பட்ட விளையாட்டே அதன் 60 முறைப் பதிப்பில் இன்றும் பொத்தானைத் தொட்டதும் திரும்புகிறது. அதன் நேரப் பந்தயச் சாதனைகளை ரசிகர்கள் என்டிஎஸ்சிக்கும் பிஏஎல்லுக்கும் தனித்தனியாகப் பதிந்து வருவதே, இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் போதுமான சான்று. தாங்களோ இணையத் தரவரிசைப் பட்டியல் ஒன்றை இதில் சேர்த்துவிட்டு, அதில் பதிவாகும் நேரம் எந்தப் பதிப்புக்குரியது என்றுகூடக் குறிப்பிடவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவரை விடாமல் துரத்துவதற்காகக் கணினி வண்டிகளுக்குத் திடீரென வேகம் கூட்டப்படுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. எரிச்சலூட்டினாலும் அது அக்காலத்து வடிவமைப்பு. கோணல்மாணலான மலைகளும் மங்கலான பார்வையாளர் கூட்டமும் எனக்கு உறுத்தலாகவே இல்லை. பாதைகளின் அமைப்பு இன்றைக்கும் அருமையாக இருக்கிறது. குறுக்குவழிகள் ஒவ்வொன்றும் ஆடுகிறவரின் திறமைக்கு மதிப்புக் கொடுத்து வைக்கப்பட்டவை. நானும் என் தங்கையும் திரையைப் பிரித்து ஆடும்போது, இந்த மந்த வேகத்திலும் கூச்சலுக்குக் குறைவிருப்பதில்லை. நல்ல விளையாட்டு இப்படிப் பாழாகிறதே என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிறு குறையும் உண்டு. பழைய தொலைக்காட்சிகளின் 4:3 அகல உயர அளவுக்கு வரையப்பட்ட காட்சியைத் தங்கள் மறுவெளியீடு இன்றைய அகலத்திரையின் 16:9 அளவுக்கு இழுத்துக் காட்டுவதால் சக்கரங்கள் முட்டை வடிவில் தெரிகின்றன. இதை மாற்ற அமைப்புகளில் வழியே இல்லை.

தங்கள் விற்பனைப் பக்கத்தில், அன்று ஆடிய அதே அனுபவம் கிடைக்கும் என்ற பொருளில் விளம்பரம் செய்திருக்கிறீர்கள். எந்தப் பதிப்பு தரப்படுகிறது என்ற விவரம் அங்கே எங்கும் இல்லை. அது இருந்திருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். எனவே, 60 முறைப் பதிப்பை இலவசப் புதுப்பிப்பாக வழங்கி, ஏற்கெனவே வாங்கியவர்கள் விரும்பும் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி செய்யுமாறும், 4:3 காட்சி அளவையும் அதிலேயே சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதிப்பை மாற்றும்போது பழைய தரவரிசைப் பட்டியலைப் புதியதோடு கலக்காமல் தனியாக வைப்பதும் அவசியம். அசல் பதிப்பை வெளியிடும் உரிமை தங்களிடம் இல்லையென்றால், அதை வெளிப்படையாகத் தெரிவித்து, நான் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.

இக்கடிதத்திற்கு, ஆயத்தமாக வைத்திருக்கும் பதிலை அனுப்பாமல், தொழில்நுட்பப் பிரிவினர் காணொளியைப் பார்த்த பிறகு எழுத்துமூலம் பதில் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, கடிகார ஒப்பீட்டுக் காணொளி, முந்தைய மின்னஞ்சல்களின் நகல்