அட்டெண்டன்ஸ் எடுக்காத ஊரிலிருந்து

கோட்டிங்கன், ஜெர்மனி
ஜனவரி 18

என்னட்டி, நல்லாயிருக்கியா?

பகலில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு, ராத்திரி டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சைக்குப் படிப்பு, நடுவில் விடைத்தாள் கட்டு என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நீ டீச்சராகிவிட்டாய். நான் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன்.

சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தாய். பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மென்ஸா என்று பேர். மாணவர்களுக்கு ஒரு விலை, ஊழியர்களுக்கு அதைவிடக் கூட, வெளியாட்களுக்கு இன்னும் கூட. சைவத்துக்குக் குறைவில்லை, உறைப்புத்தான் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைப்பு, சனிக்கிழமையே அரிசி, காய் வாங்கி வைத்துவிட வேண்டும். டின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன், சுமார். குளிர் பழகிவிட்டது, இருட்டுதான் இன்னும் பழகவில்லை. டிசம்பரில் நாலேகாலுக்கே சூரியன் போய்விடுகிறது.

உனக்கு எழுத நினைத்தது வேறு. இங்கே வகுப்பில் யாரும் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை. எழுபத்தைந்து சதவீதம் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று காய்ச்சலோடு போய் உட்கார்ந்தவர்கள் அல்லவா நாம்? இங்கே பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத் தொடங்கும். அந்தக் கால்மணி நேரம் தாமதமல்ல, முறையே அதுதான். பேராசிரியர் வருவார், மூன்று பலகை நிறைய எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள், அதுதான் கைதட்டல். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதனால் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிடாதே. வாரத்துக்கு ஒரு கணக்குத் தாள் தருவார்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். செமஸ்டர் முழுக்கச் சேர்த்துப் பாதி மார்க் வாங்கினால்தான் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், பலகைக்குப் போய் உன் விடையை நீயே விளக்க வேண்டும். என் கூட்டாளி இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஒருநாள் பலகையில் பாதி எழுதியவள் அப்படியே நின்று, "இதுக்கு மேல எனக்குப் புரியல" என்று திரும்பினாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் எழுந்து வந்தான், இரண்டு பேரும் அங்கேயே நின்று யோசித்தார்கள். நாம் எத்தனை வகுப்பில் புரியாமலே தலையாட்டியிருப்போம்! நீ இப்போது பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய், உன் பிள்ளைகள் தலையாட்டினால் நம்பாதே.

கணித மேதை கார்ல் ஃபிரீட்ரிஷ் காவுஸ் இந்த ஊரில் படித்தவர் என்பது உனக்குத் தெரியும். 1795இல் மாணவராக வந்து சேர்ந்தார். மறு வருஷம் மார்ச் கடைசியில் லீவுக்குச் சொந்த ஊரான பிரவுன்ஷ்வைகுக்குப் போயிருந்தார். ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, பதினேழு பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் காம்பஸும் அளவுகோலும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டுபிடித்துவிட்டார். கிரேக்கர் காலத்திலிருந்து இரண்டாயிரம் வருஷமாக யாருக்கும் தோன்றாதது, லீவில் படுத்துக்கிடந்த ஒரு பையனுக்கு, பத்தொன்பது முடிவதற்குள். எங்க அம்மாவாக இருந்தால், "எந்திரி, மணி எட்டாச்சு" என்று போர்வையை உருவியிருப்பாள், கணிதத்துக்கு எவ்வளவு நஷ்டம்! விளையாட்டாகச் சொன்னாலும் இந்தச் செமஸ்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: ஒரு கணக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க நேரம் இருக்கிறது. பழைய நகரத்தைச் சுற்றி ஒரு கோட்டை மேடு உண்டு, இப்போது அது மரங்கள் நிற்கும் நடைபாதை. கணக்கு வராத சாயங்காலங்களில் அதிலே சுற்றிச் சுற்றி வருகிறேன். வழியில் ஒரு சின்னக் கல்வீடு வரும், மாணவராக இருந்த பிஸ்மார்க் 1833இல் குடியிருந்தது. ஊருக்குள் அடித்த கூத்து தாங்காமல் அவரை ஊர் எல்லைக்கு அனுப்பிவிட்டார்களாம். பிற்காலத்து ஜெர்மன் சான்சலர்!

கணித மேதை எம்மி நோய்தர் பற்றி நாம் எம்.எஸ்ஸி. முதல் வருஷத்தில் இயற்கணிதத்தில், வளையங்கள் (rings) பாடத்தில் பேர் மட்டும் படித்தோம், நினைவிருக்கா? 1915இல் இங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்துத்தான் அவர் இங்கே வந்தார். பெண் என்பதால் தன் பெயரில் பாடம் நடத்த அனுமதி இல்லை, ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளை நடத்தினார். 1919இல்தான் உரிமை கிடைத்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சியில், யூதர் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகும், அமெரிக்காவுக்குப் போகும்வரை, மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு மார்க்கும் கிடையாது, அட்டெண்டன்ஸும் கிடையாது, போனதால் தொந்தரவு வேண்டுமானால் வந்திருக்கும். நான் படிக்கும் கணிதத் துறைக் கட்டடம் 1929இல் ராக்கஃபெல்லர் பணத்தில் திறந்தது. அதில் அவர் நாலு வருஷந்தான் நடமாடியிருக்கிறார். அதன் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் இது நினைவுக்கு வந்துவிடும், அன்றைக்கு அப்புறம் கணக்கு ஓடாது.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். நவம்பரில் காய்ச்சல் வந்து அறையிலேயே கிடந்தேன். வகுப்புக்கு வராததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்காத இடத்தில் தேடவும் ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நம்ம ஹாஸ்டலில் ஒரு வேளை சாப்பிட வராவிட்டால் வார்டன் கதவைத் தட்டுவார், அதற்கு எவ்வளவு சலித்துக்கொண்டோம்! கடைசியில் தாள் கொடுக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி கூட்டாளிதான் வந்தாள். "நாலாவது கணக்கு யாரு போடுவா?" என்று கேட்டுக்கொண்டே கெட்டிலில் வெந்நீர் வைத்தாள். நாலாவது கணக்கு வரவில்லை. அந்தக் கண்காணிப்பு, இந்தச் சுதந்திரம், இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் இந்தச் சுதந்திரத்தை ஒரு தடவையாவது அனுபவிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வகுப்பு பிப்ரவரி நடுவில் முடிகிறது, உடனே பரீட்சை. இரண்டு பாடமும் தேறிவிடும் என்று நினைக்கிறேன். டோப்பாலஜிக்கு மட்டும் சாமியைக் கும்பிட்டுக்கொள். டிஆர்பிக்கு உன்னிடம் இல்லாத புத்தகம் ஏதாவது வேண்டுமானால் சொல்லு, இங்கே நூலகத்தில் தேடிப் பார்த்து வேண்டிய பக்கங்களை அனுப்புகிறேன்.

உன் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். காம்பஸும் அளவு குறிக்காத அளவுகோலும் மட்டும் வைத்து ஒழுங்குப் பலகோணம் வரைய வேண்டும். ஆறு பக்கமுள்ளதை எல்லாரும் வரைந்துவிடுவார்கள். ஏழும் ஒன்பதும் யாராலும் முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடாதே, கொஞ்சம் மல்லுக்கட்டட்டும். ஐந்து முடியும். மார்க் கிடையாது என்று சொல்லிக் கொடுத்துப் பார், எத்தனை பேர் மறுநாளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்கு எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி