பாக்கெட்டை மாற்றுமுன் சிலிண்டரை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய குடும்ப நிறுவனங்கள் புது லோகோவுக்கு மாறுவது பற்றி வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை, ‘மாற்றலாமா, வேண்டாமா’ என்பதோடு நின்றுவிட்டது. மசாலாத் தூளும் காபித்தூளும் விற்பவர்களின் பணத்தைத் தின்பது ‘எதுவரை மாற்றுவது’ என்ற அடுத்த கேள்விதான்.

டிசைனரைப் பார்ப்பதற்கு முன் நாலைந்து மளிகைக் கடைகளில் அரை நாள் நிற்க வேண்டும். வருகிறவர் அண்ணாச்சியிடம் பெயர் சொல்லிக் கேட்கிறாரா, ‘அந்தப் பச்சை பாக்கெட்’ என்கிறாரா, ‘கிளி மார்க்’ என்கிறாரா? எதைச் சொல்லிக் கேட்கிறார்களோ அதில் கை வைக்கக் கூடாது. அமெரிக்காவில் டிராப்பிக்கானா ஆரஞ்சுச் சாறு 2009 ஜனவரியில் சறுக்கியது இங்கேதான். அட்டைப்பெட்டியில் இருந்த, ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தம்ளர் படத்தைப் போட்டார்கள். படுக்கையாக இருந்த பெயரை நெட்டுக்குத்தாகத் திருப்பினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்து, பழைய அட்டையே திரும்பி வந்தது. உள்ளே இருந்தது அதே சாறுதான். அலமாரியில் அடையாளம் தெரியவில்லை.

அடுத்தது கணக்கு. பிளாஸ்டிக் பாக்கெட் கிராவ்யூர் முறையில், அதாவது படம் செதுக்கிய உலோக உருளையால் (சிலிண்டர்) அச்சாகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். 7 நிறம், 6 அளவுப் பாக்கெட் என்றால் 42 சிலிண்டர். லோகோ சிவப்பிலும் கறுப்பிலும் மட்டும் இருந்து, பின்னணிப் படத்தைத் தொடாமல் விட்டால் 12 சிலிண்டரைப் புதிதாகச் செதுக்கினால் போதும். ‘பின்னணியையும் கொஞ்சம் மாற்றிவிடலாமே’ என்ற ஒரு வரிக்கு விலை மீதி 30 சிலிண்டர். பழைய டிசைன் அச்சாகிக் கையிருப்பில் உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் தீரும் தேதியை ஒவ்வொரு அளவுக்கும் எழுதிவைத்துக்கொண்டு, அதன்படி மாற வேண்டும். 10 ரூபாய் பாக்கெட் மட்டும் கடைசியில் மாறட்டும் என்பது என் கட்சி. அதை வாங்குகிறவர்களில் பலர் எழுத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தமிழ் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆங்கில லோகோவை மாதக்கணக்கில் வரைந்துவிட்டு, தமிழுக்குக் கையில் கிடைத்த ஃபான்ட்டைப் போடுகிறார்கள். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. ஆக, பலகையில் பெரிதாக நிற்கப்போவது தமிழ்தான். சின்னப் பாக்கெட்டிலோ ‘ண’வின் சுழியும் ‘ழு’வின் வளைவும் மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். புது எழுத்தை 12 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, பாக்கெட் செய்யும் அதே ஃபிலிமில் அச்சடித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

சட்டத்தில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வர்த்தகச் சின்னத்தை நிறம் குறிப்பிடாமல் பதிந்திருந்தால் அது எல்லா நிறத்துக்கும் பொருந்தும். நிறத்தை மட்டும் மாற்றப் புது விண்ணப்பம் தேவையில்லை. உருவமே மாறினால் தேவை. பழைய லோகோவின் பக்கத்தில் இருந்த, பதிவான சின்னம் என்று காட்டும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் பதிவாகாத புது லோகோவுக்கும் அப்படியே ஒட்டிவிடுவது சட்டப்படி தவறு. பழைய பதிவையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துவர வேண்டும். வெறுமனே புதுப்பித்துவிட்டு 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டால், போட்டிக் கம்பெனி அதை நீக்கக் கேட்டு மனுப் போடலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பழைய சின்னத்தைச் சிறிதாக வைத்திருப்பது அந்தப் பதிவைக் காப்பாற்ற உதவும்.

கம்பெனியின் பெயரையே மாற்றுவது தனி வேலை. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பெயர்ப்பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் 2 ஆண்டுக்குப் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். பிராண்டை மட்டும் மாற்றுகிறவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

பழையதும் புதியதும் ஒரே கடையில் அடுத்தடுத்துத் தொங்கும் வாரங்கள்தான் ஆபத்து. வாங்குகிறவர் புதியதை ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிவிடுவார். புதுப் பாக்கெட்டின் முன்பக்கம் பழைய பாக்கெட்டின் படத்தைச் சிறிதாக அச்சிட்டு, ‘அதே தூள், புது பாக்கெட்’ என்று மூன்று மாதமாவது போட வேண்டும். சரக்கு போகுமுன் கடைக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்; கேட்கிறவருக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான்.

இப்படிக்கு,
பேக்கேஜிங் வடிவமைப்பாளர்,
சிவகாசி