சோடாக் கணக்கு எழுதி வைத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

தையல் பிரித்து நாலு நாள் ஆகிறது. சாய்மானம் இல்லாமல் உட்கார முடிகிற முதல் காலை இது, அதனால் கோர்வையாக வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வயிற்றுவலியோடு என்னை மதுரைக்குக் கொண்டுபோனது, குடலில் ஆபரேஷன் நடந்தது எல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கே தெரியாத விவரமெல்லாம் வாட்ஸப்பில் ஓடியிருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிய பயாப்சி முடிவு நேற்று வந்துவிட்டது. வெறும் கொழுப்புக்கட்டி, புற்று இல்லை. வீட்டில் அவள் அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதாள்.

முதல் நன்றி எங்கள் டீக்கடை அண்ணனுக்கு. பேரைப் போடாதே என்று சொல்லிவிட்டார், போடவில்லை. ஆத்தங்குடியில் நான் கணக்கு எழுதுகிற கல் பட்டறைக்கு எதிரே கடை. பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் அவரிடம் பற்று உண்டு. நீளவாக்கில் ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம்.

ஆடியில் ஆரம்பித்த வயிற்றுவலி எனக்கு. வரும், சுருட்டிப் பிடிக்கும், ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ இருந்துவிட்டு யாரோ கையை எடுத்த மாதிரி போய்விடும். வலி வருகிற நாளில் டீ வேண்டாம் என்று பன்னீர் சோடா வாங்கிக் குடிப்பேன். கேஸ் என்றுதான் நானும் நம்பினேன், போய்ப் பார்த்த ஒரு கிளினிக்கிலும் கேஸ் என்றே சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம், வலி இல்லாத நாளில். எல்லாம் நார்மல். அந்த ரிப்போர்ட்டை நானே பெருமையாக எல்லோரிடமும் காட்டினேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

ஐப்பசியில் ஒரு நாள் மதுரைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். சாயங்காலம் கடையைத் தாண்டும்போது அண்ணன் கூப்பிட்டார். "கணக்கப்பிள்ளை, இதையும் கொண்டு போங்க" என்று ஒரு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தை நீட்டினார். என் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நான் சோடா குடித்த தேதிகளை மட்டும் தனியாக எழுதியிருக்கிறார். ஆவணியில் ரெண்டு, புரட்டாசியில் நாலு, ஐப்பசி இருபதுக்குள் எட்டு. ரெண்டு தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக "வாந்தி" என்று. நான் பட்டறைக்குப் பின்னால் போய் எடுத்த வாந்தி அது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். "கூடிக்கிட்டே வருது தம்பி, எனக்கு மனசுக்குச் சரியாப் படலை. நீங்க போனா அப்பப்போ வலிக்கும்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டு வந்துருவீங்க."

அப்படித்தான் சொன்னேன். டாக்டர் கேட்டார், "அப்பப்போ சார்" என்றேன். அவர் கேஸ் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டே அந்த அட்டையை நீட்டினேன். ரெண்டு தடவை படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். ஏதோ உள்ளே மாட்டுகிறது, தானாக விடுகிறது, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, இது கேஸ் இல்லை என்றார். வலி இல்லாதபோது ஸ்கேன் எடுத்தால் அதில் தெரியாமல் போகலாம், அடுத்த வலிக்கு எந்நேரமானாலும் இங்கேயே வந்துவிடு, சிடி ஸ்கேன் எடுப்போம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு கையில் இருந்ததால்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி மேலூர் தாண்டும்போதே அங்கே போன் போட்டுச் சொல்ல முடிந்தது, போனதும் நேராக ஸ்கேன் அறைக்குத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள்.

குடல் செருகல். நிறைய பேர் என்னவென்று கேட்டிருந்தீர்கள், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றினால் கை உள்பக்கமாகச் சுருண்டு மாட்டிக்கொள்ளுமே, அதுதான். சிறுகுடலுக்குள் ஒரு கொழுப்புக்கட்டி வளர்ந்திருக்கிறது. குடல் அதைச் சாப்பாடு என்று நினைத்து முன்னால் தள்ள, கட்டி தான் ஒட்டியிருக்கிற குடலையும் இழுத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. கூடவே ரத்தக்குழாயும் போய் நசுங்கும், விடாமல் மாட்டிக்கொண்டால் குடல் அழுகிவிடும். சிடியில் பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி வளையத்துக்குள் வளையம் தெரிந்தது, நடுவில் கட்டி கறுப்பாக.

இது குழந்தைகளுக்கு வருகிற நோயாம். நூறு பேருக்கு வந்தால் அதில் ஐந்து பேர்தான் பெரியவர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே விலக்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு முக்கால்வாசிப் பேருக்கு மேல் உள்ளே கட்டியோ வேறு ஏதோ காரணமோ இருக்கும், அதனால் வழக்கமாக அறுவை சிகிச்சைதான். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்து தானாகவே விலகிவிடுகிற செருகலும் உண்டாம், அதற்குக் கத்தி வேண்டாம். சிறுகுடலில் என்றால் அநேகமாகச் சாதுவான கட்டி, பெருங்குடலில் என்றால் புற்றுக்கு வாய்ப்பு அதிகம். எனக்குச் சிறுகுடல். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. மூணு மாதம் வாயு, வாயு என்று திட்டித் தீர்த்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அதே வாயு பிரிந்தால்தான் தண்ணீரே கண்ணில் காட்டுவோம் என்றுவிட்டார்கள். மூணாம் நாள் விடியற்காலையில் அது நடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் மனைவி வரைக்கும் என் வீட்டம்மாவிடம் வந்து "நல்லதாப் போச்சு ஆச்சி" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த மச்சான், ரத்தம் கொடுக்க வந்து காத்திருந்த பட்டறைப் பையன்கள், பத்து நாளும் பிள்ளைகளைத் தன் வளவிலேயே படுக்கவைத்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய எதிர்வீட்டு ஆச்சி, ராத்திரி ட்யூட்டி நர்ஸ் பிள்ளைகள், சம்பளம் பிடிக்காத முதலாளி, குன்றக்குடி முருகனுக்கு என்னைக் கேட்காமலே மொட்டை நேர்ந்துகொண்ட சித்தப்பா, எல்லோருக்கும் கை கூப்புகிறேன். மொட்டைக்கு மட்டும் கொஞ்சம் தவணை வேண்டும்.

ஊர்க் கணக்கெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிறவன் என் வலிக்கு ஒரு வரி எழுதவில்லை. இனிமேல் வீட்டில் யாருக்கு எது வலித்தாலும் தேதி, நேரம், என்ன சாப்பிட்டோம், எப்போது விட்டது என்று எழுதிவிடுவதாக இருக்கிறேன். மாவரைக்கிற கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கமே போதும் என்கிறாள் வீட்டில்.

முந்தாநாள் அண்ணன் பார்க்க வந்தார். பற்று எவ்வளவு என்று கேட்டேன். நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பதினாலு சோடாவும் அப்படியே இருந்தது. தள்ளுபடி செய்வார் என்று எனக்கு ஒரு நினைப்பு, செய்யவில்லை. "அது வேற, இது வேற" என்று எண்ணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, புதுப் பக்கத்தில் எழுதினார்: பால் கம்மி டீ, 1.