பம்ப் சத்தம் மாறிவிட்டது என்று சொன்னவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் துவாஸிலும் ஆலைப் பராமரிப்பைக் கவனிக்கும் மேலாளர்களுக்கு,

வணக்கம். 21 ஆண்டுகளாக உங்கள் ஆலைகளில் பம்ப், மோட்டார், விசிறி, கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றிலும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் சென்சாரை வைத்து அதிர்வை அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. உங்களில் தமிழர்கள் கணிசம். தினமும் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்துத் தாளில் குறிக்கும் ‘ரவுண்ட்ஸ்’ நடக்கிறவர்களில் அதைவிட அதிகம். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். குளிர்நீர் பம்ப் ஒன்று, 75 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1,480 சுற்று. மாதாந்திர அளவெடுக்கப் போயிருந்தேன். ரவுண்ட்ஸ் பார்க்கும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், என்னைக் கைகாட்டி அழைத்தார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, “தம்பி, போன வாரம் மாதிரி இல்ல இது. உள்ள மணல் அரைக்கிற மாதிரி கேக்குது” என்றார்.

என் கருவி அதிர்வின் வேகத்தை 2.3 மில்லிமீட்டர்/நொடி என்று காட்டியது. அந்த அளவு மோட்டாருக்கு, உறுதியான அடித்தளத்தில், உலகத் தர அட்டவணைப்படி 2.8 வரை கவலையின்றி ஓட்டலாம். “சரியாத்தான் இருக்குண்ணே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தாளில் ‘ஓகே’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பதினோராம் நாள், ஞாயிறு இரவு, அந்தப் பேரிங் இறுகிப் போய் நின்றது. பேரிங் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, தண்டு, மெக்கானிக்கல் சீல், கப்ளிங் என்று நீண்டது.

தவறு எங்கே என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இதே தவறு இன்றும் நடக்கிறது. 1,480 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 25. பேரிங்கில் ஒன்பது குண்டுகள் இருந்து, வெளிவளையத்தில் ஊசிமுனை அளவு குழி விழுந்தால், குண்டுகள் அதன் மேல் நொடிக்குச் சுமார் 89 முறை தட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தட்டலும் இரும்பை நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிரவைத்து உடனே அடங்கிவிடும். சுருதி உயரம், பலம் சொற்பம். நான் பார்த்த மொத்த அளவோ நொடிக்கு 10 முதல் 1,000 வரையிலான அதிர்வுகளை மட்டும் கூட்டிச் சொல்வது. சமநிலை தப்பியது, அலைன்மென்ட் விலகியது, அடித்தளப் போல்ட் தளர்ந்தது எல்லாம் அதில் தெரியும். பேரிங்கின் முதல் குழி தெரியாது. அதைப் பிடிக்க, உயர் அதிர்வைத் தனியாகப் பிரித்து அதற்குள் ஒளிந்திருக்கும் தட்டலை எண்ணும் ‘என்வலப்’ முறை வேண்டும். என் கருவியில் அந்த வசதி இருந்தது. அந்தச் சுற்றுக்கு ஒதுக்கிய நேரத்தில் அதை ஓட்ட இடமில்லை. அவர் ஸ்குரூடிரைவர் வழியாகக் கேட்டது அந்தத் தட்டலைத்தான்.

பிறகு காரணம் தேடும் கூட்டம் நடந்தது. ‘ரவுண்ட்ஸ் ஊழியர் ஏன் தெரிவிக்கவில்லை?’ என்ற கேள்வி எழுந்தது. தாளில் அவருடைய டிக் இருந்தது. அவர் சொன்ன சொல் எங்கும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போனது. உண்மையை நான் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள்தான் எழுதிக் கொடுத்தேன். கடிதம் திரும்பப் பெறப்பட்டதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் சொன்னதை எங்கயாச்சும் எழுதினீங்களா தம்பி?”

அன்று முதல் என் அறிக்கைகளில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கீழே, ரவுண்ட்ஸ் ஊழியர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். சில மேலாளர்கள் அதை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீக்குவதில்லை.

இப்போது எங்கு பார்த்தாலும் கம்பியில்லா சென்சார்கள். பெரிய திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு. நல்லதுதான், நானே பரிந்துரைத்துப் பொருத்தியிருக்கிறேன். ஆனால் சென்சார் சரியாகச் சொன்னாலும் அதை நாம் நம்பாமல் விட்டுவிடுவதுண்டு என்பதற்கு 25 செப்டம்பர் 2024 சாட்சி. அன்று காலை கிழக்கு-மேற்கு ரயில் பாதையில், தண்டவாளத்தின் ஓரம் இருக்கும் வெப்பக் கருவி ஒரு ரயிலின் அச்சுப்பெட்டியில் (சக்கர அச்சின் பேரிங் இருக்கும் பெட்டி) 118 டிகிரி செல்சியஸைப் பதிவு செய்தது. ரயிலின் எண் மட்டும் பதிவாகவில்லை. எண் இல்லாததால் அளவே பிழையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு அந்த அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது, 2.55 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளமும் கருவிகளும் சேதமடைந்தன, ஜூரோங் கிழக்குக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே அந்த மாத இறுதிவரை ரயில் ஓடவில்லை. தரம் கெட்ட கிரீஸால் பேரிங் பழுதாகியிருக்கலாம் என்கிறது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை. 5,00,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய முழுப் பராமரிப்பின் இடைவெளி நீட்டிக்கப்பட்டு, அந்த ரயில் 6,90,000-ஐத் தொட்டிருந்தது.

உங்களில் பலர் செய்வதும் இந்த இரண்டும்தான், அதனால்தான் நினைவூட்டுகிறேன். இடைவெளியை நீட்டுகிறீர்கள். நீட்டக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாள் பார்த்து இயந்திரத்தைப் பிரிப்பதைவிட அதன் நிலைமை பார்த்துப் பிரிப்பது மேல் என்பதுதான் என் தொழிலின் அடிப்படையே. ஆனால் நீட்டுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஈடாக எண்ணெய், கிரீஸ் மாதிரிகளையும் என்வலப் அளவையும் கூடுதலாக எடுக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருப்பதை எத்தனை முறை கண்ணாடிக் குழாயில் பார்த்திருக்கிறேன். அதைக் காண ஆய்வகம் வேண்டியதில்லை.

அடுத்தது, புரியாத அளவைப் ‘பொய் அலாரம்’ என்று மூடிவிடுவது. இதில் ஊழியரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆலை முழுக்க ஒரே எல்லையை வைத்துவிட்டு நாளுக்கு நூறு எச்சரிக்கை வரவிட்டால், யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொரு இயந்திரமும் நல்ல நிலையில் இருக்கும்போது என்ன அளவு காட்டியது என்பதைப் பதிவு செய்து, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து எல்லை வையுங்கள். அப்படி வைத்த பிறகும் ஒரு எச்சரிக்கையை மூட வேண்டுமானால், மூடுபவர் இயந்திரத்தின் அருகே போய் நின்று பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போடட்டும்.

துவாஸ் அவென்யூ 11-இல் 24 பிப்ரவரி 2021 அன்று கலவை இயந்திரம் ஒன்றில் நடந்த வெடிப்பை நீங்கள் மறந்திருக்க முடியாது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். அந்தக் கலவை இயந்திரத்தைச் சூடாக்கும் எண்ணெய் உறையில் முன்பே கசிவு ஏற்பட்டிருந்ததும், 12 நாட்களுக்கு முன்பு அதில் தீப்பிடித்ததும் விசாரணைக் குழுவின் முன் வந்தன. அதிர்வுமானியும் வெப்பக் கேமராவும் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகள் அவை. இறந்தவர்கள் அந்தத் தளத்தில் நின்று வேலை செய்தவர்கள்.

இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது, முதலில் அடிபடுவதும் அவர்தான். அவரோ வெளிநாட்டு ஊழியருக்கான வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் ஊரில் நிற்கிறது. பம்பை நிறுத்தச் சொல்லி, பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அவர் ‘ஓகே’ கட்டத்தில் டிக் அடிக்கிறார். அந்தப் பயம் இருக்கிறவரை, நீங்கள் எத்தனை சென்சார் வாங்கினாலும் மிக நல்ல சென்சார் ஒன்று வாய் மூடி நிற்கிறது.

ஆகவே என் கோரிக்கை இது. ரவுண்ட்ஸ் தாளில் ‘ஓகே’, ‘நாட் ஓகே’ கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ‘மாறியிருக்கிறது’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அதில் டிக் அடித்தவர் தமிழிலோ வங்காளத்திலோ கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யட்டும், மொழிபெயர்க்க ஆள் போடுவது உங்கள் பொறுப்பு. அடுத்த 24 மணி நேரத்துக்குள் என்னைப் போன்ற ஒருவர் போய் முழு அளவெடுக்க வேண்டும். அளவில் ஒன்றும் இல்லையென்றால் அதை அவரிடமே நேரில் வந்து, ஏன் இல்லை என்று விளக்க வேண்டும். மறுபடியும் கேட்கிறது என்று அவர் சொன்னால் மறுபடியும் போக வேண்டும். தவறாகச் சொன்னதற்காக ஒருவரையும் கண்டிக்கமாட்டோம் என்று எழுதி, ஓய்வறைச் சுவரில் அவர் மொழியில் ஒட்டுங்கள்.

வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கடந்த மூன்று மாதங்களில் பொய் அலாரம் என்று மூடியவற்றின் பட்டியலை எடுத்து, ரவுண்ட்ஸ் போகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களோ, அந்தப் பம்பை அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆலைகளில் அதிர்வு அளக்கும் ஒருவன்