தேனீப் பெட்டியை மைதானத்தின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம். நூலகச் சுவரை ஒட்டி இருக்கும் தேனீப் பெட்டியை இரண்டு நாளுக்குள் மைதானத்தின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் அப்புறப்படுத்த வேண்டும் என்ற உங்கள் உத்தரவு கிடைத்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பதினொன்றாம் வகுப்பு மாணவி நான். பெட்டி அங்கிருந்து போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. போகும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவன் கொட்டுப்பட்டது பற்றிச் சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது. வானம் மூடிக் காற்று வீசிய மாலையில் பெட்டியைத் திறந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் வெளியே மேயும் தேனீக்களும் கூட்டுக்குள் அடைந்திருக்கும், எளிதில் சீறும். தேனீக்களைச் சாந்தப்படுத்தும் புகையூட்டியையும் பற்றவைக்கவில்லை. பாதையில் போன ஏழாம் வகுப்பு மாணவனின் கழுத்தில் ஒன்று கொட்டிவிட்டது. கொட்டிய இடத்தில் எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் உசுப்பும் என்பதால் அவனை உடனே உள்ளே அழைத்துச் சென்று, நகத்தால் கொடுக்கை வழித்தெடுத்தேன். அவனுக்கு ஒவ்வாமை இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. பெற்றோரின் கோபம் நியாயமானது.

ஆனால் மறுகோடிக்கு மாற்றுவது ஆபத்தைக் குறைக்காது. ஏன் என்று நான் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். வெயில் அடிக்கும் பிற்பகல்களில் இளம் தேனீக்கள் வாயிலுக்கு முன்னால் வந்து, பெட்டியைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக ஆடி ஆடிப் பறக்கும். பிறகு வட்டம் பெரிதாகும். சன்னல், சுவர், மரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றி வரும். முதல் நாள் இதைப் பார்த்துக் கூட்டமே கிளம்பப் போகிறது என்று பயந்து உயிரியல் ஆசிரியையிடம் ஓடினேன். அவை வீட்டின் இடத்தைப் பாடம் செய்கின்றன என்றார் அவர். அதிலிருந்து பிற்பகல் இடைவேளை முழுவதும் எனக்கு அங்கேதான் போகிறது.

இப்படி ஒருமுறை பாடம் செய்துவிட்ட தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் மேய்ந்தாலும், பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகளுடன் அதே இடத்துக்கு வந்து இறங்கும். பெட்டியை எண்பது மீட்டர் தள்ளி வைத்தால், வழக்கமான மேய்ச்சலுக்குப் போனவற்றில் பெரும்பகுதி நூலகச் சுவருக்கே திரும்பும். அங்கே வீடு இருக்காது. அவை கொட்ட வராவிட்டாலும், பிள்ளைகள் நடக்கும் பாதையில் நாள் முழுவதும் தேடிச் சுற்றும். மறுகோடியில் இருக்கும் பெட்டியோ மேய்ப்பவை இல்லாமல் மெலிந்துபோகும்.

நகர்த்தினால் மூன்றடி, இல்லையென்றால் மூன்று மைல் என்பது தேனீ வளர்ப்பவர்களின் பழைய கணக்கு. நாளுக்கு மூன்றடியாக நகர்த்தினால் மறுகோடியை எட்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்; அதுவும் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே. எனவே இரண்டாவது வழியைக் கேட்கிறேன். என் தோழியின் பெரியப்பா தோட்டம் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பெட்டி அங்கே மூன்று வாரம் இருக்கட்டும். வெளியே மேயத் தொடங்கிய தேனீ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே வாழும் என்பதால், நூலகச் சுவரை அறிந்தவை அதற்குள் மிகக் குறைந்துவிடும். பிறகு மறுகோடிக்குக் கொண்டுவந்தால், தோட்டத்துக்குப் பழகியவை புதிய இடத்தை மறுபடியும் பாடம் செய்துகொள்ளும்.

அப்புறப்படுத்துவதே சுலபம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தயவுசெய்து எங்கள் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் ஒரு மரச்சட்டத்தின் மூலையில் சில அறைகளைக் குறித்துவைத்தோம். கூடு குளிர்ந்துவிடக் கூடாதே என்று நான்கு முறைதான் திறந்தோம். முட்டையும் புழுவும் வளர 34, 35 டிகிரி வெப்பத்தைத் தேனீக்கள் காத்துவைக்கின்றன. முதல் நாள் முட்டை அறையின் அடியில் நூல்முனை போல நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நாள் சாய்ந்து கிடந்தது. ஒன்பதாம் நாள் அறைகள் மெழுகால் மூடப்பட்டிருந்தன. 21ஆம் நாள் ஒரு தேனீ மூடியைக் கடித்துக்கொண்டு, சாம்பல் பூத்த ரோமத்துடன் வெளியே வந்தது. பாடப்புத்தகத்திலும் 21 என்றுதான் இருக்கிறது. அதே எண்ணை நாங்களே எழுதியபோது எங்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் பிரான்சுவா ஹூபர் பார்வை இழந்தவர். அவர் கேள்விகள் கேட்க, உதவியாளர் பர்னன்ஸ் பார்த்துச் சொல்ல, 1792இல் வெளியான அவருடைய ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. எங்களிடமும் ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதுகிறோம். கொட்டுப்பட்ட மாணவன் மறுநாள் வந்து, "அக்கா, கொட்டிய தேனீ செத்துவிட்டதா?" என்று கேட்டான். ஆமாம், முள் உன் தோலில் மாட்டிக்கொண்டதால் அதன் வயிறு கிழிந்துவிட்டது என்றேன். அவன் பெற்றோர் சம்மதித்தால் அடுத்த குறிப்பேட்டில் அவனையும் சேர்த்துக்கொள்வேன்.

பெட்டி திரும்பியதும் வாயிலுக்கு முன்னால் ஆறடி உயரத்துக்குத் தட்டி கட்டுவோம். தேனீக்கள் தலைக்கு மேலே எழுந்து பறக்கும். பள்ளி நேரத்திலும், ஆசிரியை உடன் இல்லாதபோதும், புகையூட்டி இல்லாமலும் பெட்டி திறக்கப்படாது. கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் யார் என்று முன்கூட்டியே எல்லா வீடுகளிலும் கேட்டு வைத்துக்கொள்வோம்.

நாளை இருட்டியதும் வாயிலை வலையால் அடைத்துப் பெட்டியை ஏற்ற வண்டி பேசியிருக்கிறோம். உங்கள் இரண்டு நாள் கெடுவுக்குள் அது பள்ளியை விட்டுப் போய்விடும். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு வரி மட்டும் அதற்கு முன் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
தேனீப் பெட்டியின் பொறுப்பு மாணவி,
பதினொன்றாம் வகுப்பு